மறதி நோயும் மக்கட் கடமையும்



முதுமையும் பிணியும் எவர்க்கும் உரியன என்பதை ஒவ்வொரு பௌர்ணமிக் கூட்டத்திலும் நினைவு கூர்கின்றோம். வாயால் கூறுவது எளிது. நம் இல்லத்து மூதாட்டி ஒருவர் தாம் பெற்று வளர்த்த மகனையே நோக்கி, "நீ யாரப்பா?" என்று வினவும் நாளிலேதான் அவ்வுண்மையின் கனம் நமக்கு விளங்குகின்றது. அந்நிலையை உண்டாக்கும் நோயைப் பற்றியே இம்முறை பாடமாக எழுதப் புகுந்தோம். மருத்துவர் இதனை டிமென்ஷியா என்பர்; தமிழில் மறதி நோய் என்று வழங்குவர்.

இந்நோயைக் குறித்து நம் பெங்களூரு நகரிலேயே சிறந்த ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. மருத்துவத்திற்கும் இங்கே வழி உண்டு. ஆயினும் நம்மவருட் பெரும்பாலோர் இவற்றை அறியார். யாமும் அறியாதிருந்தோம். அறியாதிருந்ததோடு அமையாமல், அவ்வறியாமையால் ஒரு பெண்மணிக்குத் தீங்கும் இழைத்தோம். அதனை முதற்கண் கூறிவிடுதலே முறையாகும்.

யாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. ஸ்ரீராமபுரத்தில் நம் சங்கத்து உபாசிகை ஒருவர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். அவர் கணவர் எம்மோடு தறிக்கூடத்தில் வேலை செய்து மறைந்தவர். அவ்வம்மாள் எழுத்தறியாதவர், எனினும் பஞ்சசீலத்தைச் செவிவழியாகவே கற்று, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் கொடுத்தவர்.

நாளடைவில் அவர், "மருமகள் எனக்குச் சோறு போடுவதில்லை, என் கம்மலை ஒளித்து வைத்துவிட்டாள்" என்று அண்டை வீட்டாரிடமெல்லாம் கூறத் தொடங்கினார். எம்மிடமும் வந்து அழுதார். யாம் அதனை முழுதும் நம்பினோம். ஒரு பௌர்ணமியன்று, கூட்டம் கலையுமுன், இருபது பேர் நடுவே அம்மருமகளை நிறுத்தி, "உன்னைப் பெற்ற தாயாக இருந்தால் இப்படிப் பட்டினி போடுவாயா அம்மா?" என்று கடிந்து கேட்டோம். அவர் தலை குனிந்து, "ஐயா, அத்தை காலையில மூணு இட்லி சாப்பிட்டாங்க. சாப்பிட்டதுதான் அவங்களுக்கு ஞாபகம் இல்லை" என்றார். அதனை மழுப்பலென்று கருதினோம். மூத்தோரைப் பேணுதல் பற்றி மேலும் கால் மணி நேரம் உபதேசித்தோம். அவர் அழுதுகொண்டே வீடு சென்றார். அதன்பின் கூட்டத்திற்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் அவ்வம்மாளைக் காணவில்லை. தேடிச் சென்றவர்கள், மூடிப் பல்லாண்டான ஆலையின் வாயிலருகே கண்டுபிடித்தனர். கையில் வெறும் அடுக்குப் பாத்திரம். கணவருக்குச் சோறு கொண்டுவந்திருப்பதாகவும், காவற்காரர் உள்ளே விடவில்லை என்றும் கூறினார். பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மறதி நோய் என்பது தெரிந்தது. உண்டதை மறப்பதும், வைத்த இடம் நினைவில்லாத பொருளைப் பிறர் திருடியதாக நம்புவதும் இந்நோயில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறிகள் என்று மருத்துவர் விளக்கினார்.

அந்த மருமகள் கூறியது அத்தனையும் உண்மை. இரண்டாண்டுக் காலம் அவர் பகலிரவாகப் பணிவிடை செய்து, பழியையும் சுமந்திருந்தார். அப்பழியின் மேல் உபதேசத்தையும் ஏற்றி வைத்தவர் யாம். அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். இக்கட்டுரையும் அம்மன்னிப்பின் ஒரு பகுதியே.

நோய் யாது?

மறதி வேறு, மறதி நோய் வேறு. சந்தைக்குப் போனவர் உப்பு வாங்க மறந்து திரும்புதல் மறதி. நாற்பதாண்டு சென்று பழகிய சந்தையிலிருந்து வீட்டிற்கு வழி தெரியாமல் நிற்றல் நோயின் அறிகுறி. ஒரே கேள்வியை ஒரு நாழிகைக்குள் பலமுறை கேட்டல், காசை எண்ணிக் கொடுக்கத் தடுமாறல், நாள்தோறும் செய்த சமையலின் முறை குழம்புதல், பழகிய பொருளின் பெயர் வாயில் வாராமை, இயல்புக்கு மாறான சந்தேகமும் சினமும் ஆகியவையும் அறிகுறிகளே. இவை மெல்ல மெல்ல வளர்ந்து, அன்றாட வாழ்வையே குலைக்கும்போது டிமென்ஷியா என்கின்றனர்.

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் விளையும் குறிகளின் தொகுதிக்கு அது பொதுப்பெயர். அந்நோய்களுள் முதன்மையானது அல்ஸைமர் நோய். நூற்றுக்கு 60 முதல் 70 பேரிடம் இதுவே காரணமாயிருக்கக் கூடும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் உண்டாவது மற்றொரு வகை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் மிகுந்த நம் நாட்டில் இதனையும் மறக்கலாகாது.

அல்ஸைமர் என்பது ஒரு ஜெர்மானிய மருத்துவரின் பெயர். 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு வந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரை அவர் கவனித்து வந்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பு உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருக்கக் கண்டு, அவ்வாண்டே டியூபிங்கன் நகரில் மருத்துவர் அவையில் அறிவித்தார். 1910இல் கிரேப்பலின் என்னும் மனநோய் மருத்துவர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். அப்படிவு அமிலாய்டு என்னும் புரதத்தாலும், அவ்விழை டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குறிகள் வெளிப்படுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே இம்மாற்றங்கள் மூளையில் தொடங்கக் கூடும். எழுபதில் காணும் நோய்க்கு ஐம்பதிலேயே வித்து விழுந்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். மறதி நோய்போலத் தோன்றும் எல்லாமும் தீராத நோயல்ல. தைராய்டுச் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, தலையில் அடிபட்டுக் கட்டிய இரத்தம் ஆகியவற்றாலும் நினைவு குழம்பும். இவற்றுட் பல மருத்துவத்தால் சீராகக் கூடியவை. நன்றாயிருந்த முதியவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால், அது பெரும்பாலும் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு போன்ற உடல் நோயின் விளைவாகும்; அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். ஆதலின் "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறிச் சோதனையின்றி இருத்தல் பெருந்தவறு.

அல்ஸைமர் நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. டோனிபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் குறிகளைத் தணிக்கும். 2023 முதல் அமெரிக்கா முதலிய நாடுகளில் அமிலாய்டைக் கரைக்கும் ஊசி மருந்துகள் முழு அனுமதி பெற்று வருகின்றன. அவை நோயின் தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சிறிதளவே குறைக்கின்றன, மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு, விலையும் மிகுதி. எண்ணெயாலும் லேகியத்தாலும் முற்றும் குணப்படுத்துவதாகக் கூறிப் பணம் பறிப்பாரை நம்பவேண்டா.

நாட்டின் நிலை

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவருள் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் வளங்குறைந்த நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர். இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடையவர் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும் இது மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

நெடுங்காலம் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி செல்வ நாடுகளைச் சுற்றியே நடந்தது. நோயாளரில் மூன்றில் இரு பங்கினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைக் குறித்ததாயில்லை. இக்குறையையே தன் பெயராகக் கொண்டு 1998இல் '10/66' என்னும் ஆராய்ச்சிக் குழு தோன்றிற்று. சென்னையும் வேலூரும் அதன் ஆய்விடங்களாயின.

இதில் நம்மவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. நினைவாற்றலைச் சோதிக்க மேனாட்டார் வகுத்த வினாத்தாள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கே பொருந்துவது. வாக்கியம் எழுதச் சொல்வதும், வரைபடத்தைப் பார்த்து வரையச் சொல்வதும் பள்ளிக்கூட வாசலையே மிதியாத மூதாட்டிக்குப் பொருந்துமா? நல்ல நினைவுடைய எழுத்தறியாதவரும் அதனால் நோயாளராகத் தோன்றுவர். 1990களில் ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் ஆராய்ந்தவர்கள் இதனையுணர்ந்து, எழுத்தறியாக் கிராமத்தார்க்கேற்ப இந்தியில் அவ்வினாக்களை மாற்றியமைத்தனர். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் ஆகிய ஐந்து மொழிகளில் முதற்கண் ஒரு சோதனைத் தொகுப்பை ஆக்குவித்தது. நம் முதியோரைச் சோதிக்கும்போது அவர் படித்த ஆண்டு எத்தனை, வீட்டில் பேசும் மொழி எது என்பவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பெங்களூருவில் நடப்பவை

ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் நிறுவனத்தை நம்மவர் பலர் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று இன்றும் இகழ்ந்து கூறுவதைக் கேட்கின்றோம். பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும், 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் ஒன்றாக இணைந்தே நிமான்ஸ் ஆயிற்று. மனமும் மூளையும் நரம்பும் பற்றிய மருத்துவமும் கல்வியும் ஆராய்ச்சியும் அங்கே ஒருசேர நடக்கின்றன. முதியோர் மனநலத்திற்கென்றே தனிப் பிரிவும் உண்டு. இறந்தோரின் மூளையை உறவினர் தானமாக அளிக்க, அதனைக் காத்து ஆராய்ச்சிக்கு வழங்கும் களஞ்சியம் ஒன்று 1995 முதல் அங்கே இருக்கின்றது. கண் தானம் பற்றிப் பேசும் நாம் இத்தானத்தையும் அறிந்திருத்தல் நன்று.

இந்திய அறிவியற் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் மற்றொரு பெரும்பணியை மேற்கொண்டுள்ளது. நம்மவர் பலர்க்குத் தாய்வீடான தங்கவயல் இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில், மாந்தோப்புகள் மலிந்த சீனிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில், 45 வயதும் அதற்கு மேலுமான 10,000 பேரைச் சேர்த்துப் பல்லாண்டு தொடர்ந்து சோதிப்பதே அதன் திட்டம். இரத்தம், காது, கண், நடை, நினைவு, மூளைப் படம் யாவும் பார்க்கப்படுகின்றன. நோய் வந்தபின் பார்ப்பதைவிட, நலமாயிருப்போருள் எவர்க்கு, எதனால் நோய் வருகின்றது என்பதைக் காணலே நோக்கம். ஒப்பிட்டறிய நகரத்தாரையும் கொண்ட மற்றொரு தொடராய்வும் உண்டு. உழவர் குடும்பத்து மக்களை இவ்வளவு பெருந்தொகையில் தொடர்ந்து ஆராய்வது அரிது. அவர்கள் தரும் ஒவ்வொரு துளி இரத்தமும் பின்வரும் தலைமுறைக்கு உதவும்.

மொழி பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் நமக்கு உவப்பானது. ஹைதராபாத்தில் டிமென்ஷியா நோயாளர் 648 பேரை ஆராய்ந்து, மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் உடனாய்வாளரும் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவரைக் காட்டிலும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்க்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியிருந்தது; எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. அவ்வம்மையார் பின்னர் நம் நிமான்ஸிலேயே பேராசிரியரானார். பிற நாட்டு ஆய்வுகள் யாவும் இதனை ஒத்துக்கொள்ளவில்லை. மேலும் நோய் பிந்துமேயன்றி வாராது என்பதன்று. ஆயினும் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், ஆலையில் தெலுங்கும் பேசி வளர்ந்த நம் மக்கள், அதனைக் குறையாக எண்ணி வெட்க வேண்டியதில்லை.

வராமற் காக்க வழியுண்டா?

முழுக் காப்பு இல்லை, ஓரளவு உண்டு. லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் 14 காரணங்களை எடுத்துக் காட்டி, அவற்றை நீக்கினால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. அவை: இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, தீய கொழுப்பு மிகுதி, மனச்சோர்வு, தலைக் காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைத்தல், இரத்த அழுத்தம், உடற்பருமன், மிகுகுடி, தனிமை, காற்று மாசு, கண் பார்வைக் குறைவு.

இப்பட்டியலை நம் மக்களின் வாழ்வோடு வைத்துப் பாருங்கள். கல்வியின்மை முதலில் நிற்கின்றது. நம் முன்னோர் கல்லாதவராயிருந்தது அவர் குற்றமா? பள்ளிக் கதவைச் சாதி அடைத்தது. அறுபதாண்டுகட்கு முன் ஒரு சிறுமிக்கு மறுக்கப்பட்ட பலகையும் பலப்பமும், அவர் முதுமையில் மூளை நோய்க்கு ஒரு காரணமாக வந்து நிற்கின்றன. நம் பெண் மக்களைப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருத்தலும் மறதி நோய்த் தடுப்பே என்று உணர்வோமாக.

அடுத்தது காது. யாம் இருபதாண்டு தறி ஓட்டினோம். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேளாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். காதுக்குக் காப்பு எவரும் தரவில்லை. யாமும் கேட்கத் தெரியாதிருந்தோம். இன்று எமக்கு ஒரு செவி மந்தம். எம்மோடு உழைத்தோர் பலர்க்கு இரு செவியும் மந்தம். காது கேளாதவர் கூட்டத்திலிருந்து விலகுகின்றார், பேச்சுக் குறைகின்றது, மூளைக்கு வேலையும் குறைகின்றது. அமெரிக்காவில் எழுபது வயது கடந்தோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காதுக்கருவி தந்ததால் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை; ஆனால் நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவரிடம் மட்டும் மூன்றாண்டில் அறிவுத் தளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆதலின் ஆலையில் உழைத்த முதியோரே, காதுக்கருவி அணிவதைக் கேவலமாக எண்ணாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிவது போன்றதே அதுவும்.

மிகுகுடியும் பட்டியலில் உள்ளது. ஐந்தாம் சீலத்தைக் காப்பவர் தம் மூளையையும் காக்கின்றார். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நாற்பது வயது முதலே அளந்து பாருங்கள். நாள்தோறும் நடங்கள். தலைக்கவசமின்றி வண்டி ஓட்டாதீர்கள்.

வினைப்பயன் என்பார்க்கு

நம்மவருள்ளும் சிலர், "முன்வினைப் பயன்" என்று கூறி இதனை முடித்துவிடுகின்றனர். நோயாளர் செவிபடவே கூறுவாரும் உளர். துன்பம் யாவும் முன்வினையாலேயே வருவதோ என்று சீவகன் என்னும் பரிவிராசகர் வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம் முதலாக எட்டுக் காரணங்களைப் பகவன் எடுத்துரைத்தார் என்றும், வினைப்பயன் அவ்வெட்டில் ஒன்று மட்டுமே என்றும் சம்யுத்த நிகாயத்தால் அறிகின்றோம். எல்லாத் துன்பத்தையும் முன்வினை என்பது பகவன் மறுத்த கொள்கை. பிறப்பால் இழிந்தவர் என்று நம்மை ஒதுக்கியோர் சொல்லிய காரணமும் அதுவேயன்றோ? அதனை நம் தாய்மார் மேல் நாமே ஏவலாமா?

தியானம் பயின்றவர்க்கு இந்நோய் வாராது என்றும் யாம் முன்பு கூறியதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அக்கூற்றைத் திரும்பப் பெறுகின்றோம். மேற்கூறிய உபாசிகை இப்போது திரிசரணத்தை மறந்துவிட்டார். சிறுமியாயிருந்தபோது கேட்ட கிராமதேவதைத் தாலாட்டையே முணுமுணுக்கின்றார். "தம்மத்தைக் கைவிட்டாரோ?" என்று ஒருவர் எம்மைக் கேட்டார். இந்நோயில் அண்மை நினைவு முன்னே அழியும். குழவிப் பருவ நினைவு பின்னே அழியும். அது கொள்கை மாற்றமன்று; மூளையின் சிதைவு. அவர் மறந்ததை நாம் நினைவில் வைத்திருந்தால் போதும்.

பேதியால் துன்புற்றுத் தன் அழுக்கிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவனும் ஆனந்தரும் தம் கையால் நீராட்டிப் படுக்கையில் கிடத்திய வரலாறு விநய பிடகத்தில் உண்டு. அப்பிக்கு பிறர்க்கு உதவியதில்லை என்பதே மற்றவர் அவரைக் கவனியாமைக்குச் சொல்லிய காரணம். உதவி செய்தவர்க்கே உதவி என்னும் கணக்கை அன்றே பகவன் ஒதுக்கினார். நம்மை அறியாத, நமக்கு இனி ஒன்றும் செய்யவியலாத முதியவரைப் பேணுதல் அவ்வழியே நடத்தலாகும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

1. நோயாளரோடு வாதாடாதீர்கள். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்?" என்று இடிப்பதைவிட, ஒரு வாழைப்பழமோ அரைத் தம்ளர் பாலோ தருவது நன்று. "என்னைத் தெரிகிறதா, சொல் பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அம்மா, உன் மகன் வந்திருக்கிறேன்" என்று நீங்களே கூறுங்கள்.

2. எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது ஆகியவற்றை ஒரே நேரத்தில், ஒரே முறையில் நடத்துங்கள். இடம் மாற்றலும் மகனுக்கு ஒரு மாதம், மகளுக்கு ஒரு மாதம் என்று அனுப்பலும் குழப்பத்தை வளர்க்கும்.

3. கழிவறைக் கதவில் படம் ஒட்டுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் தரையையும் எரிவாயு அடுப்பையும் கவனியுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை எப்போதும் அவர் உடையில் தைத்து வையுங்கள்.

4. அவரால் இயன்ற வேலையைப் பறிக்காதீர்கள். கீரை ஆய்தல், துணி மடித்தல், பாட்டுப் பாடல் எதுவாயினும் செய்யட்டும்.

5. கட்டிவைத்தலும் அறையில் பூட்டிவைத்தலும் கொடுமை. மருத்துவர் சொல்லாத தூக்க மருந்தும் ஆபத்து.

6. நினைவு தெளிவாயிருக்கும்போதே சொத்து, மருத்துவம் பற்றிய அவர் விருப்பத்தைக் கேட்டெழுதுங்கள். தம் மனநல மருத்துவம் எவ்வாறு அமைய வேண்டும், தமக்காகப் பேசுவார் யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் இடந்தருகின்றது. தெளிவிழந்தபின் கைநாட்டு வாங்குதல் களவேயாகும். அது இரண்டாம் சீலத்தை மீறுவது.

பேணுவோரைப் பேணுதல்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. நம் வீடுகளில் பேணுவோர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகிய பெண்களே. உறக்கமின்மையாலும் பழிச்சொல்லாலும் அவர்கள் மனநோய்க்கே ஆளாகின்றனர். கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். சிறிது பயிற்சி பெற்ற உள்ளூரார், மருத்துவர் மேற்பார்வையில் அவ்வீடுகளுக்குச் சென்று, நோயை விளக்கி, ஆறுதலும் வழியும் கூறினர். பேணுவோரின் மனத்துயர் தெளிவாகக் குறைந்தது. மற்றோர் ஆய்வும் கோவாவிலேயே நடந்து 2019இல் வெளியாயிற்று. இலேசான மனச்சோர்வுடைய, 60 வயது கடந்த 181 பேரில் ஒரு பாதியினர்க்கு, மருத்துவரல்லாத பயிற்சியாளர் சிக்கலைத் தீர்க்கும் வழிகளைப் பேசிக் கற்பித்தனர். ஓராண்டில் அவருள் 4.4 விழுக்காட்டினர்க்கே கடுமையான மனச்சோர்வு வந்தது. மற்றப் பாதியினரில் 14.4 விழுக்காட்டினர்க்கு வந்தது. பெரும்படிப்பில்லாதவரும் பயிற்சி பெற்றால் இப்பணியைச் செய்யலாம் என்பதற்கு இவை சான்று.

உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிமான்ஸில் முதியோர்க்குரிய பிரிவில் காட்டலாம். 1998இல் தோன்றிய நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை நம் நகரில் முதியோர்க்கும் மறதி நோயாளர்க்கும் தொண்டாற்றுகின்றது. மனத்துயருடையோர் தமிழிலும் பேசி ஆலோசனை பெற, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416. முதியோர்க்கான தேசிய உதவி எண் 14567. இவற்றுக்குக் கட்டணமில்லை.

இனி அந்த மருமகளின் சொல்லோடு முடிக்கின்றோம். யாம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சினக்கவில்லை. "ஐயா, கூட்டத்துக்கு வரக்கூடாதுன்னு இல்லை. அத்தையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்றார். எம் உபதேசம் யாவும் சேர்ந்தும் இவ்வொரு கேள்விக்கு விடையளிக்கவில்லை. அதன்பின் சங்கத்தில் நால்வர் முறைவைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பௌர்ணமியும் ஒருவர் கூட்டத்திற்கு வராமல் அவ்வம்மாள் அருகே அமர்ந்திருப்பார். மருமகள் கூட்டத்திற்கு வருவார். சென்ற முறை எம் முறை. அவ்வம்மாள் எம்மைத் தம் கணவரோடு வேலை செய்தவர் என்று அறியவில்லை. ஆயினும், "சாப்பிட்டாயா அப்பா?" என்று கேட்டார். அவர் மறவாதிருந்தது அது ஒன்றே.

சங்கங்களில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. இயல்பான மறதிக்கும் மறதி நோய்க்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. மறதி நோய்போலத் தோன்றி, மருத்துவத்தால் சீராகக் கூடிய நிலைகள் எவை?

3. பதினான்கு காரணங்களுள் நம் தெருவில் மிகுந்து காணப்படுவன எவை? அவற்றுள் சங்கம் நீக்கத்தக்கன எவை?

4. நம் சங்கத்துக் குடும்பங்களில் நோயாளரைப் பேணுவதால் கூட்டத்திற்கு வர இயலாதவர் எத்தனை பேர்? அவர்க்காக முறை வைத்துக்கொள்வார் யார்?

நான்காம் வினாவிற்கு வாயால் விடை கூறுதல் போதாது, பெயர்களை எழுதுக.